டூப்பு ரத்தம்

எண்ணூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் மனித உடம்புகளில் ஓடிக்கொண்டிருக்கும் எல்லா ரத்தத்திலும் தலைசிறந்தது பீம்ராவின் ரத்தம். இதை முன்மொழிந்தவர் பீம்ராவ். வழிமொழிந்தவரும் அவரே. எதிர்த்து யாரும் கை தூக்காததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி, முப்பது வருஷமாக அமலில் இருந்தது.

ஆதாரம் இல்லாமல் பேசுகிற ஆள் இல்லை அவர். துறைமுகத்தில் ஒரு சரக்கு ஒப்பந்தக்காரரிடம் இரும்புத்தாதும் நிலக்கரியும் ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை உடம்புச் சோதனை நடக்கும். சர்க்கரை இருக்கிறவன், காமாலை வந்து பாதி தேறினவன், முந்தின நாள் சம்பளத்தை விடிய விடியக் கொண்டாடினவன் எல்லாம் சொந்த ரத்தத்தைக் கொடுத்தால் மறுநாளிலிருந்து கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். ஆகவே அவர்களுடைய சீட்டை எடுத்துக்கொண்டு பீம்ராவ் போய் உட்காருவார். ஊசி குத்துகிற கம்பவுண்டருக்கு முகத்தைப் பார்க்க நேரம் கிடையாது. ஒரே காலையில் மூன்றாவது பெயருக்கு உட்கார்ந்தபோது மட்டும் அவர், "இந்த நரம்ப எங்கியோ பாத்தா மாரி கீதே" என்று சந்தேகப்பட்டாராம். "எல்லாம் ஒரே ஊரு நரம்பு சார்" என்று பீம்ராவ் சமாதானம் சொன்னாராம்.

அந்த வழக்கத்துக்கு டூப்பு ரத்தம் என்று பெயர். இருபத்தாறு வருஷத்தில் பத்தொன்பது பேருக்குக் கொடுத்திருக்கிறார். பத்தொன்பது பேரும் பாஸ். பிள்ளைகள் படித்தன, பெண்களுக்குக் கல்யாணம் நடந்தது, சிலர் வீடுகூடக் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் தன் ரத்தம் ஓடுகிறது என்று பீம்ராவ் நினைத்துக்கொண்டதில் முழுப் பொய் இல்லை.

சொந்த உடம்புக்காக ரத்தம் கொடுக்கப் போகிறவர்களைக் கண்டால்தான் அவருக்கு ஆகாது. காலடிப்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம் ஒரு லேப் இருந்தது. அதன் பக்கத்தில் டீக்கடை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றோடு லேப் வாசலில் நிற்கும் பெரியவர்களை டீக்கடை பெஞ்சிலிருந்து பார்த்துப் பேசுவது அவருடைய தினசரி அலுவல்.

"தோ பாரு பாய், நாம உசுரோட கீறோமான்னு கேக்கறதுக்கு லைன்ல நின்னுகினு கீதுங்க. மூச்ச இழுத்து வுட்டுப் பாத்தா தெரியாதா? ரத்தத்துக்கு இன்னா தெரியும்? அதுவே உள்ள இருட்டுல ஓடிகினு கீது."

பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சௌக்கத் அலி சிரிப்பார். சிரிப்பு பாதியில் இருமலாக மாறும். அதே துறைமுகத்தில் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டியவர், எழுபத்திரண்டு வயது. தாதுத் தூசியை இருபது வருஷம் சுவாசித்ததால் அவர் நெஞ்சுக்குள் எப்போதும் யாரோ பீடிக் காகிதத்தைக் கசக்குகிற சத்தம் கேட்கும். பத்தொன்பது பேரில் ஏழாவது ஆள் அவர்தான்.

இந்த மார்கழியில் அந்த இருமல் குறைந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். இருமுவதற்கு அவரிடம் தெம்பு இல்லை என்பதை முதலில் கவனித்தவர் அவருடைய மனைவி அஜீசுன்னிசா. டீ பாதியில் ஆறிக் கிடந்தது. படி ஏறினால் நடுவில் உட்கார்ந்தார். கடைசி மகள் லுப்னாவின் நிக்காஹ் வருகிற ஞாயிற்றுக்கிழமை. பந்தல்காரனிடம் சண்டை போட வேண்டிய மனுஷன் தலையாட்டி அனுப்பிவிட்டார். அதில் பயந்துபோய்த்தான் அஜீசுன்னிசா திங்கட்கிழமை காலையில் அவரை இழுத்துக்கொண்டு டாக்டர் செங்கொடியிடம் போனார். துணைக்கு பீம்ராவ்.

செங்கொடி நாற்பது வயதுக்காரர், குறைவாகப் பேசுகிறவர். விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தார். முதுகில் குழாயை வைத்து நிறைய நேரம் கேட்டார்.

"காய்ச்சல் அடிச்சுதா?"

"ஒண்ணியும் இல்ல டாக்டரம்மா" என்றார் பீம்ராவ், சௌக்கத் அலிக்குப் பதிலாக. "நெத்தியத் தொட்டுப் பாருங்க, ஐஸு. சும்மா ஜல்ப்பு."

"அதைத்தான் நம்ப முடியாது. வயசானவங்களுக்கு நெஞ்சுல கிருமி முத்தினாலும் சில சமயம் காய்ச்சலே வராது. சூடேத்தறதுக்கு உடம்புல விறகு இல்லைன்னு வெச்சுக்குங்களேன். இவர் நெஞ்சுல எப்பவும் சத்தம் இருக்கு, இது பழசா புதுசான்னு என் காதுக்குப் பிரிக்கத் தெரியலை. ரத்தத்துக்குத் தெரியும்." ஒரு சீட்டில் எழுதினார். "சி.ஆர்.பி.ன்னு ஒரு டெஸ்ட். உடம்பு உள்ளே சண்டை போடுதான்னு அது காட்டிக்கொடுத்துரும். இருபதுக்குள்ள வந்தா வீட்டுலயே இருங்க. மேல போச்சுன்னா எக்ஸ்ரே, ஊசி. நூறைத் தாண்டினா நான் உங்ககிட்ட பேச மாட்டேன், ஆம்புலன்ஸ்காரர்கிட்டதான் பேசுவேன். இன்னொண்ணு: திடீர்னு குழப்பமா பேசினார்னா ஒரு நிமிஷம் தாமதிக்காம கூட்டிட்டு வாங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மருதாணிச் சாமானோடு வரப்போகிறார்கள் என்று அஜீசுன்னிசா ஷேர் ஆட்டோவில் ஏறி வீட்டுக்குப் போனார். "பீமண்ணே, லேப்ல உட்டு கூடவே இட்டாந்துருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பீம்ராவ் கூடவேதான் போனார். டீக்கடை வரைக்கும்.

அங்கே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு, சௌக்கத் அலி சீட்டை நீட்டினார்.

"மாமு. நீ போயி குந்து."

"இன்னாத்துக்கு?"

"நூறு கிறுன்னு வந்துச்சுன்னு வெச்சுக்கோ, என்னப் புடிச்சு பெட்ல போட்ருவாங்க. என் வூட்டுக்காரி அப்பவே கல்யாணத்தத் தள்ளி வெச்சுருவா. ஏற்கெனவே ரெண்டு தபா தள்ளிப்போன கல்யாணம். மாப்ள பையனுக்கு லீவு பதினஞ்சு நாளு, அப்பால துபாய்க்குப் பூடுவான். ஞாயித்துக்கெழம நான் பள்ளிவாசல்ல குந்தி என் பொண்ணக் குடுக்கணும். திங்கக்கெழம எங்க வேணா இட்டுக்கினு போ, வரேன்."

பீம்ராவ் யோசித்தார் என்று எழுதத்தான் ஆசை. அவர் யோசிக்கவில்லை. பதினைந்து வருஷமாக யாரும் அவரிடம் ரத்தம் கேட்டதில்லை. கேட்ட மாத்திரத்தில் முதுகு நிமிர்ந்தது.

"தொப்பியக் குடு" என்றார்.

தொப்பி சிறிசு. பீம்ராவின் தலை மேஸ்திரித் தலை. உச்சியில் மூடி மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே போனார். லேபில் ரத்தம் எடுக்கிற பெண் ஜெமிமா, இருபத்தைந்து வயது, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே பெயர் கேட்டாள்.

"சௌக்கத் அலி. எழுவத்தி ரெண்டு."

"கையை இறுக்கி மூடுங்க ஐயா." ஊசியோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "நல்ல நரம்பு உங்களுக்கு."

"எல்லாரும் சொல்றதுதான்" என்றார் பீம்ராவ் அடக்கமாக.

மத்தியானம் சௌக்கத் அலியின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. சி.ஆர்.பி. மூன்று. அஜீசுன்னிசா அதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொன்னார். செங்கொடிக்குப் போன் செய்தார். "மூணா? ரொம்ப நல்லதும்மா. ஆவி பிடிக்கச் சொல்லுங்க, தண்ணி நிறைய கொடுங்க" என்று பதில் வந்தது. அஜீசுன்னிசா ஒரு டப்பா சர்க்கரையை எடுத்துக்கொண்டு தெருவில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஆளுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தார். பீம்ராவும் தன் பங்கை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

துறைமுகத்தில் இந்தக் கதை இங்கே முடிந்துவிடும். காகிதம் பாஸ் என்றால் ஆள் பாஸ். சர்க்கரைக்காரன் சர்க்கரையோடும் காமாலைக்காரன் கண் மஞ்சளோடும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவான். அங்கே காகிதத்துக்கு ஆளை வெளியே நிறுத்துவது ஒன்றுதான் வேலை. ஆளைப் பிழைக்க வைக்கிற வேலையும் ஒரு காகிதத்துக்கு உண்டு என்பது பீம்ராவின் அனுபவத்தில் இல்லை.

செவ்வாய்க்கிழமை சௌக்கத் அலி டீக்கடைக்கு வரவில்லை. பீம்ராவ் வீட்டுக்குப் போனார். கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தவர், "தூக்கமா வர்து மாமு" என்றார்.

"தூங்கு. மூணுதான கீது உனுக்கு."

"அது உன் மூணு."

"யார்தா இருந்தா இன்னா, மூணு மூணுதான்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஒருவருக்குச் சிரிக்க மூச்சு போதவில்லை.

புதன்கிழமையும் அப்படித்தான். கஞ்சி இரண்டு ஸ்பூன். உதட்டு ஓரம் லேசாக நிறம் மாறியிருந்தது. மருதாணிக் கையோடு லுப்னா வந்து, "அத்தாக்கு முடியல போல கீதே மாமா" என்றபோது, "மூணு வந்த ஆளுக்கு இன்னாம்மா ஆகும்? கல்யாண பேஜாரு, அலைச்சல்" என்றார் பீம்ராவ். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த எண் கம்ப்யூட்டரில் அச்சாகி, சௌக்கத் அலி என்று மேலே பெயர் போட்டு வந்திருந்தது. இரண்டு நாள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி, கொடுத்தவரே அதை நம்ப ஆரம்பித்திருந்தார்.

வியாழக்கிழமை காலை பத்து மணி. பந்தல்காரன் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தான், பீம்ராவ் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சௌக்கத் அலி கட்டிலிலிருந்து இறங்கி, சட்டையைப் பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி போட்டுக்கொண்டு, வாசலுக்கு வந்து கையைத் தூக்கினார்.

"நிறுத்து! நிறுத்துடா! கீழ ஆள் கீது!"

மூங்கில்காரன் நின்றுவிட்டான். சௌக்கத் அலி மேலே பார்த்துக்கொண்டு, இல்லாத கயிற்றைக் கையால் பிடித்து இழுத்தார். "மேஸ்திரி எங்கடா? மேஸ்திரியக் கூப்புடு!"

"நான்தான் பாய். தோ கீறேன்."

சௌக்கத் அலி அவரை உற்றுப் பார்த்தார். "நீ யாரு நைனா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பீம்ராவ் அவர் நெற்றியைத் தொட்டார். ஐஸ்.

ஆட்டோவில் நடுவில் சௌக்கத் அலி. ஒரு பக்கம் அஜீசுன்னிசா ஸலவாத்து ஓதிக்கொண்டு வந்தார். மறுபக்கம் பீம்ராவ், சாய்ந்த தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு மெட்ரோ தூண்களை எண்ணிக்கொண்டு வந்தார். அடுத்த தூணில் சொல்லிவிடலாம். அதற்கடுத்த தூணில். சொன்னால் இந்தப் பொம்பளை காதில் விழும். சொல்லாவிட்டால் என்ன? டாக்டர் பார்க்கத்தானே போகிறார், பார்த்தால் அவருக்கே தெரியாதா? தூண்கள் தீர்ந்து கிளினிக் வந்துவிட்டது.

ஆக்சிஜன் எண்பத்தாறுதான் என்றது கிளிப். செங்கொடி ஆக்சிஜன் குழாயை மாட்டிவிட்டு, நாடியைப் பார்த்தார், கால் வீக்கத்தை அமுக்கிப் பார்த்தார், பிறகு போனில் திங்கட்கிழமை ரிப்போர்ட்டைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணுதான் இருந்திருக்கு" என்று தனக்குத்தானே சொன்னார். "அன்னிக்கே அந்தளவு சோர்வு. நெஞ்சுல கிருமின்னா அன்னிக்கே ரத்தத்துல காட்டியிருக்கணும். காட்டலை. அப்ப இது இதயமா இருக்கும்." பேனாவை எடுத்தார். "இதய ஆஸ்பத்திரிக்கு லெட்டர் தர்றேன். நேரா அங்க போங்க. இப்பவே."

அவர் எழுத ஆரம்பித்தார். நல்ல கையெழுத்து. நோயாளியின் பெயர், வயது, பிறகு: சி.ஆர்.பி. மூன்று.

"அது அவன் ரத்தம் இல்ல" என்றார் பீம்ராவ்.

பேனா நிற்கவில்லை. "என்ன?"

"திங்கக்கெழம குடுத்தது. அது பாயிது இல்ல."

"பின்ன யாரோடது?"

"என்து."

இப்போது பேனா நின்றது. செங்கொடி நிமிர்ந்து பார்த்தார். கோபம் வருவதற்கு முன்னால் வருகிற, எதுவும் புரியாத பார்வை.

"எதுக்கு?"

வாழ்நாள் முழுக்க இந்தக் கேள்விக்கு அவரிடம் பத்தொன்பது பதில் இருந்தது. வாயில் வந்தது இருபதாவது.

"நல்ல ரத்தம் டாக்டரம்மா" என்றார்.

அஜீசுன்னிசா ஓதுவதை நிறுத்தியிருந்தார். அவர் திட்டுவார் என்று பீம்ராவ் காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அந்தம்மா கணவரின் திருப்பிப் போட்ட சட்டையைச் சரி செய்தபடி, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"நான் தெரு பூரா சக்கரை குடுத்தனேண்ணே."

செங்கொடி லெட்டரைக் கிழித்துப் போட்டு வேறொன்று எழுதினார். பெரியாஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். இந்தத் தடவை சௌக்கத் அலியின் கையிலிருந்து. நரம்பு கிடைக்காமல் நான்கு இடத்தில் குத்தினார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றாறு வந்தது. எக்ஸ்ரே படத்தில் இரண்டு பக்க நுரையீரலும் வெள்ளையாக இருந்தது. சாயந்திரத்துக்குள் தொண்டையில் குழாய் போட்டுவிட்டார்கள்.

நிக்காஹ் தள்ளிப்போகவில்லை. "அவரு அதுக்குத்தான இம்மாம் பண்ணாரு, நடக்கட்டும்" என்று அஜீசுன்னிசாவே சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பள்ளிவாசலில் சௌக்கத் அலியின் அண்ணன் உட்கார்ந்து பெண்ணைக் கொடுத்தார். பிரியாணி அண்டாக்கள் பாதிக்கு மேல் திறக்காமல் அநாதை ஆசிரமத்துக்குப் போயின. லுப்னா ஜரிகைப் புடவையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்கள், இரண்டு நிமிஷம். அத்தாவின் கை மேல் தன் மருதாணிக் கையை வைத்துக்கொண்டு நின்றாள். வெளியே நின்றிருந்த பீம்ராவைத் தாண்டிப் போகும்போது, "சாப்ட்டீங்களா மாமா?" என்று கேட்டாள். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் அஸர் தொழுகைக்கு முன்னால் சௌக்கத் அலி இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து பீம்ராவ் கிளினிக்குக்குப் போனார். டோக்கன் போடவில்லை. கடைசி நோயாளி வெளியே வந்ததும் கதவோரம் நின்றார்.

"திங்கக்கெழமயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார்.

செங்கொடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"அன்னிக்கே ஊசி ஆரம்பிச்சிருப்பேன். உறுதியா எதுவும் சொல்ல முடியாது ஐயா. வயசு, பழைய நுரையீரல்..."

"ஞாயித்துக்கெழம பள்ளிவாசல்ல குந்தியிருப்பானா?"

"குந்தியிருக்கலாம்" என்றார் அவர். குந்து என்கிற வார்த்தையை அவர் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு பீம்ராவ் டீக்கடையில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். லேப் வாசல் வரிசை வழக்கம்போல் நின்றது. அவர் பெஞ்சைத் திருப்பிப் போட்டு மெட்ரோ பக்கம் பார்த்து உட்கார்ந்தார். பழைய கூட்டாளிகள் யாராவது, "மேஸ்திரி, உன் ரத்தம்..." என்று ஆரம்பித்தால், "டீ ஆறுது, குடி" என்பார். தீர்மானம் ரத்து செய்யப்படவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

மாசி பிறந்த வாரம், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து சாம்பல் வாசனையோடு காற்று வீசிய ஒரு காலையில், தன் டீ கிளாஸில் பாதி மிச்சம் இருப்பதை பீம்ராவ் பார்த்தார். நேற்றும் அப்படித்தான் இருந்ததா என்று யோசித்தார். இருந்தது. முந்தாநாள் வீட்டுப் படியில் பாதியில் நின்று கைப்பிடியைத் துடைக்கிற மாதிரி பாவனை செய்தது நினைவுக்கு வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ச்சியாக இருந்தது. மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தார். எதுவும் தெரியவில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார். டீக்கடைக்காரன் கிளாஸைக் கழுவுவதை நிறுத்திவிட்டு, "இன்னா மேஸ்திரி, யாருக்கு?" என்று கத்தினான். முன்னால் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பீம்ராவுக்குக் காது கேட்கவில்லை.

உள்ளே ஜெமிமா அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். இந்தப் பெண் முகம் பார்க்கிற பெண்.

"வாங்க ஐயா. மார்கழியில வந்தீங்க இல்ல? சி.ஆர்.பி. தானே? அதுக்கு வெறும் வயிறு வேணாம், சாப்பிட்டே வந்திருக்கலாம்." விரல்கள் கீபோர்டில் ஓடின. "சௌக்கத் அலி... தோ, பேரு அப்படியே இருக்கு. போன தடவை மூணுதான் வந்திருக்கு உங்களுக்கு."

"அவுரு இல்லம்மா."

"என்ன ஐயா?"

"பேர மாத்து. பீம்ராவ்."

அவள் அவரைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பின்னால் யாரோ இருமினார்கள். அவள் புதுசாக ஒரு பக்கத்தைத் திறந்து பெயரை அடித்தாள்.

"வயசு?"

"எழுவது."

நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். நல்ல நரம்புதான். அவள் பஞ்சால் துடைத்தபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.